பேயிடம் பேர் கேட்கிறவர்கள்

நான் கேட்ட முதல் பேய்க்கதை எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரிலிருந்து வந்தது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டு அந்தக் கேசட்டைப் போடுவாள். உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பேர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே போகிற பாட்டு, ஓர் இடத்தில் சட்டென்று இருட்டுக்குள் இறங்கும். பில்லி, சூனியம், வல்ல பூதம், கொள்ளிவாய்ப் பேய், குறளைப் பேய், பிரமராட்சதர். 'பிள்ளைகள் தின்னும் புழக்கடை முனியும்' என்ற அடி வரும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். எங்கள் வீட்டுக் கக்கூஸ் புழக்கடையில்தான் இருந்தது. ராத்திரி அங்கே தனியாகப் போக வேண்டும்.

காக்கச் சொல்லிப் பாடுகிற பாட்டே இத்தனை பேயை ஏன் வீட்டுக்குள் அழைத்து வருகிறது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "பேர் சொன்னாத்தான் ஓடும்" என்றாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இருபது வருடமாகத் திகில் கதைகள் எழுதுகிறேன். ஜனவரியில் கொடைக்கானலுக்குப் போனதற்கு அதுதான் காரணம். பழனியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போனில் அழைத்தார். "பேய்க்கதை எழுதுறவங்களும் சாமி கும்பிடுறவங்களும் ஒரே அறையில ரெண்டு நாள் உட்கார்ந்து பேசணும்மா. இதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார். அந்தக் குரலில் இருந்த தவிப்புக்காகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சட்டைக்குள் ஒரு பிடி குளிர் கூடும். வெள்ளி அருவி தாண்டி செண்பகனூரில் இறங்கியபோது மணி நான்குதான், ஆனால் மஞ்சு இறங்கி எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பத்தொன்பது பேர் கம்பளியும் மப்ளருமாக வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மேடை, மைக், பொன்னாடை எதுவும் இல்லை.

முதல் பேச்சு பழனி ஐயாவுடையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இருந்து இரண்டே வரி சொன்னார். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அச்சம் பிறக்கும் இடம் நான்கு: அணங்கு என்கிற வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், இறை. அணங்கில் தொடங்கி இறையில் முடிகிறது. இறை என்றால் அரசன். இறை என்றால் கடவுளும்தான். "பட்டியலோட ஒரு முனையில அணங்கு, மறு முனையில இறை. நடுவுல புலியும் திருடனும். நம்ம பாட்டன் பயத்தையும் பக்தியையும் வேற வேற வீட்டுல குடிவைக்கல" என்றார்.

பிறகு அவர் ஊர்க் கதைக்கு வந்தார். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்த இடும்பன் ஓர் அசுரன். பழனியில் இறக்கி வைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை. மேலே நின்ற பையனோடு சண்டை போட்டுச் செத்தான். அவன் மனைவி அழுது கேட்டதால் உயிர் திரும்பியது. இன்றைக்குப் படியேறுகிற எல்லோரும் வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். காவடி என்பதே அவன் சுமந்த சுமைதான். கதையில் கொல்லப்பட்ட அரக்கனுக்கு வாசலில் இடம் கொடுத்து, அவன் சுமையை ஊரே தோளில் வாங்கிக்கொள்கிற இந்த வழக்கத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.

காரைக்கால் அம்மையாரைப் பற்றித் திருவாரூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி பேசினாள். மாங்கனி அதிசயத்தைப் பார்த்த கணவன் பயந்து ஊரைவிட்டே போகிறான், பிற்பாடு தேடிப்போய்ச் சேர்ந்தவளின் காலில் விழுகிறான். 'இவனுக்காகத் தாங்கிய தசை இனி வேண்டாம்' என்று அவள் பேய் வடிவம் கேட்டு வாங்குகிறாள். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பற்றி அவர் பாடிய பதிகத்தில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல் என்று ஒரு பெண்பேய் நம் கண்முன் நிற்கும். அந்தக் காட்டில்தான் 'அங்கம் குளிர்ந்து அனலாடும் எங்கள் அப்பன்' ஆடுகிறான். இவ்வளவு அச்சமும் இவ்வளவு உறவும் ஒரே பாட்டில். "பேயோட பேரை மத்தவங்கதான் கேப்பாங்க. இவங்க 'காரைக்காற்பேய்'னு தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டாங்க" என்று முடித்தாள். அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மேல்நாட்டு நாவல்களைப் பற்றிய அமர்வு சீக்கிரம் முடிந்துவிட்டது. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலான 'டிராகுலா'வில் சிலுவையும் நற்கருணை அப்பமும் ஆயுதமாகவே வருவதையும், 1971இல் பேயோட்டும் பாதிரியார்களை வைத்து 'எக்ஸார்சிஸ்ட்' நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி இயேசு சபையாரின் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதையும் ஒருவர் சொன்னார். இயேசு சபையார் 1895இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி இதே செண்பகனூரில் இருப்பதால் கேட்பவர்களுக்கு ஒரு நெருக்கம் வந்தது. எனக்கு அதில் அதிகம் ஒட்டவில்லை. நம்பிக்கையை ஆயுதமாக மட்டும் வைத்துக்கொள்கிற கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. நானே நிறைய எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் தூத்துக்குடி டீச்சர் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். கல்லறைகளுக்கு நடுவே வாழ்கிற மனிதன். சங்கிலியால் கட்டினால் அறுத்துவிடுவான், இரவும் பகலும் கூக்குரலிட்டுக் கல்லால் தன்னையே காயப்படுத்திக்கொள்வான். இயேசு அவனிடம் கேட்கிறார், 'உன் பேர் என்ன?' அவன் சொல்கிறான், 'என் பேர் லேகியோன், நாங்கள் அநேகர்.' அவனை விட்டுப் போன பேய்கள் புகுந்த பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டதை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். டீச்சர் எங்களை அடுத்த வரிக்கு அழைத்துப்போனார். ஊர்க்காரர்கள் ஓடிவந்து பார்க்கிறார்கள். அந்த மனிதன் உடுத்திக்கொண்டு, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. "அவன் கத்தினப்போ பயந்தாங்கன்னு மாற்கு எழுதல பாருங்க. அவன் அமைதியா உட்கார்ந்திருந்தப்போதான் பயந்தாங்க. இத்தனை நாளா அவனுக்கு நாம செஞ்சதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்குமோன்னு பயம்" என்றார். கூடத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெரியகுளத்திலிருந்து வந்திருந்த பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு குர்ஆனின் கடைசி அத்தியாயத்தைச் சொன்னார். நெஞ்சுக்குள் ஊசலாட்டத்தை ஓதுகிறவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்கிற சிறிய அத்தியாயம் அது. அவன் ஜின்களிலும் இருக்கிறான், மனிதர்களிலும் இருக்கிறான் என்று அது முடியும். "ஜின்னோட நிறுத்தல. கடைசி வார்த்தை மனுசன்தான்" என்றார். ஜின் என்ற பேரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம், எழுபத்திரண்டாவது, இருப்பதையும், அதில் ஜின்களில் ஒரு கூட்டம் வேதத்தைக் கேட்டு நம்பிக்கை கொள்வதையும் சொன்னார். இவற்றையெல்லாம் ராத்திரி தூங்கும் முன் தன் வாப்பா சொல்லித்தந்ததாகச் சொல்லும்போது அவர் குரல் இளகிவிட்டது.

அடுத்துப் பேசியவர் மதுரை மனநல மருத்துவர். ஏர்வாடி என்ற ஊர்ப் பேரைச் சொன்னதுமே எங்களில் வயதானவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது, மனநோயாளி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. மருத்துவர் எந்த மதத்தையும் குறை சொல்லவில்லை. கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போய்விட்டுத் தன்னிடம் வருகிறவர்களைத் தான் தடுப்பதில்லை, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றுதான் சொல்வதாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்தார். "உங்க கதையில தலைவிரிச்சுப் போட்டு, குரல் மாறிக் கத்துற பொம்பளை ஒருத்தி வருவா. அவ என் ஓ.பி.யில வரிசையில உட்கார்ந்திருக்கா. கூட வந்தவங்க என்கிட்ட சொல்ற முதல் வார்த்தை உங்க கதையிலிருந்து வருது."

ஓர் இளைஞர் எதிர்த்துப் பேசினார். கதையை வழக்கு மன்றத்தில் நிறுத்தக் கூடாது, பயம் பயமாகவே இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பயமே இல்லாத திகில் கதையை யார் படிப்பார்கள்? ஆனால் எனக்கு அதற்கு மேல் காதில் எதுவும் விழவில்லை. நான் என் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1987. எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை புகுந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டிருந்தாள். சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், கிணற்றடியில் போய் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்று கோடங்கியைக் கூட்டி வந்தார்கள். விடிய விடிய உடுக்கை. வேப்பிலையால் அடி. 'யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த? பேரைச் சொல்லு!' மூன்றாம் சாமத்தில் அத்தை ஓலமிட்டு ஒரு பேரைச் சொன்னாள். 'செல்வி.' ஊரே மூச்சுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் கிழக்குத் தெருக் கிணற்றில் விழுந்து செத்த பெண்ணின் பேர் அது. அத்தையின் ஒரு கற்றை முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

எனக்குப் பேர் வாங்கித் தந்த கதை அந்த இரவுதான். உடுக்கை, வேப்பிலை, அந்த ஓலம், 'நான் செல்வி' என்கிற அந்தக் குரல் எல்லாவற்றையும் எழுதினேன். படித்தவர்கள் ராத்திரி விளக்கை அணைக்கவில்லை என்று கடிதம் எழுதினார்கள். அத்தையிடம் கேட்டு எழுதவில்லை. அவள் அதைப் படித்தாளா என்றும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் தூண் பாறைப் பக்கம் போனோம். பேய்களின் அடுக்களை என்ற பொருளில் வெள்ளைக்காரர்கள் பேர் வைத்த பள்ளங்கள் அங்கே கம்பிவேலிக்குப் பின்னால் இருக்கின்றன. வெளியே புடைத்துக் கிடக்கும் மர வேர்கள் மேல் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும். 1991இல் வந்த படத்துக்குப் பிறகு அந்தப் பேர் போய் குணா குகை ஆகிவிட்டது. மனம் பிறழ்ந்து, ஒரு பெண்ணை அபிராமியாகவே கண்டவன் அந்தக் குணா. பேய்களுக்கு இருந்த இடத்தை மக்களே மனநோயாளி ஒருவனின் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் அன்போடு. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மருத்துவர் இதைத்தான் சொன்னார்.

சாயங்காலம் மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டக் கதையை வாசித்தோம். சார்ங்கலன் என்ற சிறுவன் வழி தெரியாமல் சுடுகாட்டுக்குள் போகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்திப் பேய் ஒன்று ஆடுகிறது. வீட்டுக்கு ஓடிவந்து, பேய் என் உயிரைக் கொண்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சாகிறான். அம்மா கோதமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் சம்பாபதியிடம் போய் நியாயம் கேட்கிறாள். தெய்வம் சொல்கிற பதில் இது: 'அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா.' பேய் கொல்லவில்லை. இவன் பேதைமை ஒரு சாக்கு, வினை வந்து உயிரைக் கொண்டுபோனது. என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை எழுப்பு என்கிறாள் கோதமை. உயிருக்கு உயிர் கொடுக்க முடியுமென்றால் அரசர்களுக்காகக் கொடுக்க ஆள் இல்லாமலா போனார்கள், இந்தச் சுடுகாட்டிலேயே அரசர்களுக்கு எழுப்பிய கோட்டங்கள் ஆயிரம் இருக்கின்றனவே என்கிறாள் சம்பாபதி. எல்லாத் தெய்வங்களும் வந்து நின்று எங்களாலும் முடியாது என்கின்றன. கோதமை மகனை ஈமத்தில் இட்டு, தானும் அங்கேயே உயிர் விடுகிறாள்.

பேய் உண்டு என்று ஒத்துக்கொள்கிற காவியம் அது. ஆனாலும் செய்யாத கொலையை அதன் மேல் போடச் சம்மதிக்கவில்லை. எனக்கு இந்த நேர்மைதான் வேண்டும் என்று தோன்றியது. பேய் இல்லை என்று எழுத நான் வரவில்லை. கவசம் கேட்டு வளர்ந்தவள், இப்போதும் புழக்கடை இருட்டில் முருகா என்று சொல்லிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் பேய் செய்யாததைப் பேய் செய்ததாக எழுதினால் அதற்கு ஒரு மனுசிதான் அடி வாங்குகிறாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, நான் மட்டும் காலை பஸ்ஸில் பூம்பாறைக்குப் போனேன். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல். மலைப்பூண்டு வாசம் ஊர் நுழைவிலேயே வந்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா, நான் கேட்காமலே அந்த ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அருணகிரிநாதர் இங்கே வந்து பாடிவிட்டு, ராத்திரி மண்டபத்திலேயே படுத்துவிட்டாராம். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாளாம். முருகன் வேலை எடுக்கவில்லை. சின்னக் குழந்தையாகி அவர் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டான். இருட்டில் வந்து பார்த்த ராட்சசி, யாரோ தாய் தன் பிள்ளையோடு தூங்குகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாளாம். அதனால்தான் இந்த முருகன் குழந்தை வேலப்பர்.

"ராட்சசிக்கும் புள்ளைத்தாச்சி மனசு இருந்திருக்கு பாரு தாயி" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா முழம் போட்டார்.

எத்தனை கதை எழுதியிருக்கிறேன், பேய் தானாக மனம் இரங்கித் திரும்பிப் போகும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. சன்னதியில் அம்மா கொடுத்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பூசிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு இரண்டு கிலோ பூண்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. வத்தலக்குண்டில் இறங்கி, செம்பட்டி வந்து, பஸ் மாறி ஒட்டன்சத்திரம். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிவாக இருக்கும். "வா மருமகளே, சொல்லாம கொள்ளாம வந்திருக்க" என்று பூண்டுப் பையை வாங்கி முறத்தில் கொட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் பூம்பாறைக் கதையைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். "அந்த ராட்சசிக்குப் பேர் என்னவாம்?" என்றாள்.

"பேர் சொல்லல அத்தை."

கொஞ்ச நேரம் பூண்டுத் தோல் உதிர்கிற சத்தம் மட்டும்.

"நீ எழுதின கதையை உங்க மாமா படிச்சுக் காட்டினாரு" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "நல்லாத்தான் எழுதியிருந்த. செல்வி மட்டும் கெணத்துல விழுந்த புள்ள இல்ல தாயி. எனக்குப் பொறந்தவ. ஒம்பது நாள் இருந்தா. பேர் வெக்கிற வரைக்கும் தங்கல. யாருகிட்டயும் சொல்லல, மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன். அன்னிக்கு விடிய விடிய பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு அடிச்சாங்கல்ல. என்கிட்ட இருந்த பேரு அது ஒண்ணுதான்."

"செவப்பா இருந்தா" என்றாள். "உங்க அப்பா மூக்கு." பிறகு அந்த ஒன்பது நாளையும் ஒவ்வொரு நாளாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் மழை பெய்ததிலிருந்து. நோட்டு என் பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.